வராத ஒன்பது பேர்

புளியங்கூடல்
06.02.2005

அன்பின் மச்சான் வாகீசனுக்கு,

இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். அவவின் முழங்கால் வலி பழையபடிதான். தங்கச்சி யோகமும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உமது கூட்டுத்திட்டத்தின் அறிக்கைச் சுருக்கம் சென்ற வாரம் பாடசாலைக்கு வந்தது. அதிபர் சரவணமுத்து அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார். பல்கலைக்கழக ஆய்வாளரும் கல்விப் பணிமனையும் ஆசிரியரும் கைகோத்து உழைத்ததால் தீவுப் பிள்ளைகளின் கணிதம் ஒரே வருடத்தில் உயர்ந்துவிட்டதாம். பன்னிரண்டு பாடசாலைகளில் ஏழாம் இலக்கம் முதலாவதாம். சராசரியில் ஒன்பது புள்ளி ஏற்றமாம். நீர் பெயர் போடாவிட்டாலும் ஏழாம் இலக்கம் நாங்கள்தான் என்பது கரையில் வலை காயப்போடுகிறவனுக்கும் தெரியும். அந்த வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதே கூட்டத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. கணித ஆசிரிய ஆலோசகர் பதவி டெனிஸ்ரனுக்குக் கிடைத்திருக்கிறது. முப்பத்தொரு வயது, பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழ். என்னிடம் விஞ்ஞானப் பட்டமும் இருபத்துநான்கு வருடச் சேவையும் இருக்கின்றன. உமது செயலமர்வுகளில் உமக்குக் கதிரை இழுத்துப் போட்டதைத் தவிர அவருடைய வேறு தகுதி எனக்குத் தெரியவில்லை. தெரிவுக் குழுவில் நீரும் இருந்தீர்.

ஆகவே சொல்கிறேன், உமது அறிக்கை பொய். வரவு இடாப்பில் தரம் எட்டில் முப்பத்தொரு பேர். உமது அட்டவணையில் இருபத்திரண்டு பேர். இறுதிச் சோதனை நடந்த ஒக்ரோபர் பன்னிரண்டாம் திகதி ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வரவில்லை. அன்றைக்கு வரவேண்டாம் என்று மறிக்கப்பட்டவர்கள் அவர்கள். அறிக்கை அமைச்சுக்குப் போகமுன் அதைத் திருத்தும். இல்லாவிட்டால் எழுதவேண்டிய இடத்துக்கு நான் எழுதுவேன்.

உமது மச்சான்,
அரியநாயகம்

•

கொழும்பு
11.03.2005

அன்புள்ள மச்சான்,

பதில் பிந்தியதற்குப் பொறுத்துக்கொள்ளும். கடல் அழித்த கிழக்குப் பக்கத்தில் ஒரு மாதம் நின்றேன். கூடாரங்களுக்குள் பாடசாலை நடக்கிறது. மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறோம். சூடாக்கிப் பூசச் சொல்லும்.

இரண்டு சோதனையையும் எழுதிய பிள்ளைகளை மட்டுமே ஒப்பிடலாம். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை எழுதாத பிள்ளையின் ஏற்றத்தை எப்படிக் கணக்கிடுவது? ஜூன் செயலமர்வில் இதை நானே விளங்கப்படுத்தினேன். “வராத பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, அது சராசரிக்குள்ள வராது” என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த வார்த்தையை ஒருவர் இப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் யோசிக்கவில்லை. அது என் பிழை.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. புள்ளி குறைவாக எடுக்கும் ஒன்பது பேரைச் சும்மா மறித்தால் சராசரி ஏற்றம் அதிகமாகாது. அவர்களுடைய முதற்சோதனைப் புள்ளியும் சேர்ந்தே கழன்றுபோகும். ஏற்றம் கூடவேண்டுமென்றால், யார் முன்னேறவில்லை என்று முன்கூட்டியே அறிந்து, அந்தப் பிள்ளைகளைத்தான் மறிக்கவேண்டும். சரவணமுத்தர் தமிழ்ப் பட்டதாரி. அவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிந்தது?

பதவி விஷயம்: நேர்முகத்தில் புதிய முறையைப் பற்றி உம்மைக் கேட்டார்கள். “நான் பட்டதாரி, எனக்குப் படிப்பிக்கத் தெரியும்” என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டீர். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியிருக்கலாம்?

அன்புடன்,
வாகீசன்

•

புளியங்கூடல்
24.04.2005

மச்சான் வாகீசனுக்கு,

எண்ணெய் வந்தது. அம்மா பூசுகிறா. உமக்கு இரத்த அழுத்தம் என்று யோகம் எழுதியிருந்தாள். உப்பைக் குறையும்.

அதிபருக்கு எப்படித் தெரிந்தது என்று என்னை ஏன் கேட்கிறீர்? உமது திட்டத்தை ஆராய நான் ஆய்வாளன் அல்ல. அப்படி ஆகியிருக்கலாம். முதலில் உதவி விரிவுரையாளர் இடம் எனக்குத்தான் வந்தது. அது உமக்கு மறந்திருக்கும். ஐயா செத்து, யோகத்தைக் கரைசேர்க்கவேண்டுமென்று நான் ஊருக்குத் திரும்பினேன். அந்த இடத்தையும் நீர் எடுத்தீர், யோகத்தையும் நீரே எடுத்தீர். இப்போது படம் காட்டும் எறிதிரையோடு வந்து, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று கேளுங்கள் என எனக்குப் படிப்பிக்கிறீர்.

மறிக்கப்பட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேர் மறுநாளே வந்துவிட்டார்கள். ஒருத்தி வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவளை உமக்குத் தெரியும். கடற்றொழில் செய்யும் மரியநாயகத்தின் மகள் மேரிசுகந்தி.

என் வகுப்பில் நீர் வீடியோ எடுத்த நாளை நினைத்துப் பாரும். “அஞ்சு பேர் தொழிலுக்குப் போனா மீனை எத்தினை பங்கு போடுறது?” என்று கேட்டீர். வகுப்பு முழுக்க ஐந்து என்றது. அவள் மட்டும் எழும்பி, “ஏழு, சேர். வள்ளத்துக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு” என்றாள். டெனிஸ்ரன் பகிடியாக, “வள்ளம் மீன் தின்னுமோ பிள்ளை?” என்று கேட்டார். “வள்ளம் தின்னாது சேர். வள்ளக்காரர் தின்னுவார். வள்ளமும் வலையும் அவரின்ர எண்டா, கடலுக்குப் போகாமலே ஏழில ரெண்டு” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நீர் துள்ளி எழும்பினீர். அந்தத் துண்டைக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் மாநாடுகளில் போட்டுக் காட்டுகிறீராம்.

உமது சோதனைத் தாள் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது? தொடக்கத்தில் இருபத்தெட்டு எடுத்தவள், முடிவில் இருபத்தொன்று. யோசிக்கப் பழகினதால் எழுதுவது மெதுவாகிவிட்டது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதி முடித்துவிடுவாள். இப்போது ஒவ்வொரு கணக்கிலும் நின்று, ஏன் என்று பார்க்கிறாள், மணி அடித்துவிடுகிறது. இதற்கு உமது அட்டவணையில் ஒரு பெட்டியும் இல்லை.

அரியநாயகம்

•

கொழும்பு
15.05.2005

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா நித்திரை கொள்கிறாவா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே சின்னவளுக்கு அம்மாள் வருத்தம் வந்து மாறிவிட்டது.

அண்ணை, உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் மேசையை விட்டு எழும்புவதில்லை. பழைய தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்க்கிறார். என்னோடும் கதைப்பதில்லை. நேற்று ஒருக்கால் மட்டும் கேட்டார்: “அந்த ஒன்பது பேரையும் தெரிஞ்செடுத்தது ஆர் எண்டு நினைக்கிறீர்?” நான் சொன்னேன்: “ஆரெண்டாலும் எங்கட அண்ணை இல்லை. அவர் கோவக்காரன், ஆனா பிள்ளையளை வீட்ட அனுப்பிற ஆள் இல்லை.” அவர் திரும்பவும் தாள்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

இன்னொன்றும் எழுதவேண்டும். என்னைக் கரைசேர்க்க உங்கள் வாழ்க்கையை விட்டதாக இருபத்துமூன்று வருடமாக எழுதுகிறீர்கள். ஊருக்கு வாருங்கள் என்று நான் கேட்டேனா? எனக்கு அப்போது படிப்பித்தல் வேலை இருந்தது. நீங்கள் வந்து அதை விடச்சொன்னீர்கள். இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், கோபிக்காதேங்கோ.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

உங்கள் தங்கை,
யோகம்

•

புளியங்கூடல்
19.06.2005

அன்பின் தங்கச்சி யோகத்துக்கு,

அம்மா சுகம். சின்னவளுக்கு வேப்பிலை அரைத்துப் பூசு, தழும்பு நிற்காது.

நீ சொன்னபடி போனேன். தாய் ஜசிந்தா முற்றத்தில் நண்டு தரம்பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“வாங்கோ மாஸ்டர். கதிரை இல்லை. பெட்டியைக் கவிட்டுப்போட்டு இருங்கோ.”

பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

“முல்லைத்தீவில. என்ர தங்கச்சியின்ர ரெண்டு பிள்ளையளைக் கடல் கொண்டுபோட்டுது. மிச்சம் ரெண்டு சின்னன். பாக்க ஆள் இல்லை எண்டு அழுதாள். இவளும் இஞ்ச சும்மா இருந்தவள்தானே, தை மாசம் கொண்டுபோய் விட்டனான்.”

“ஏன் சும்மா இருந்தவள்? பள்ளிக்கூடம் வந்திருக்கலாமே.”

அவள் நண்டொன்றை எடுத்துக் காலை முறித்தாள். “முதல் நாள் சப்பாத்துத் தோய்ச்சுக் காயவிட்டவள் மாஸ்டர். சோதினை எண்டு. பிறகு வந்து, ‘நாளைக்கு நான் வரத் தேவையில்லையாம்’ எண்டாள். ஒரு நாளைக்குத்தானே, அடுத்த நாள் போ எண்டனான். ‘என்னை எண்ணேல்லையாம் அம்மா’ எண்டாள். அதுக்குப் பிறகு அடிச்சும் பாத்தன். போகேல்லை.”

மரியநாயகம் வள்ளத்தடியில் நின்றார். என்னைக் கண்டு இந்தப் பக்கம் வரவில்லை. ஜசிந்தா வேறும் சில கதை சொன்னாள். கோபத்தில் சொல்லும் கதை. அதையெல்லாம் எழுதவேண்டியதில்லை. முல்லைத்தீவுக்கு இப்போது பாதை திறந்துதானே இருக்கிறது, பஸ் ஓடுகிறது. பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

அண்ணன்,
அரியநாயகம்

•

கொழும்பு
30.07.2005

மச்சான்,

நீரும் மாமியும் நலமாக இருக்கவேண்டும். உப்பைக் குறைத்திருக்கிறேன்.

சித்திரையில் வந்த உமது கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மேரிசுகந்தி முதற்சோதனையில் இருபத்தெட்டு. சரி, என்னிடம் தாள் இருக்கிறது. இறுதிச் சோதனையை அவள் எழுதவில்லை. அப்படியென்றால் இருபத்தொன்று என்ற எண் உமக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. இறுதிச் சோதனைக்கு ஒரு கிழமைக்கு முன் யாரோ அதே மாதிரி ஒரு சோதனையை வகுப்பில் வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். அந்த ஆளிடம்தான் முப்பத்தொரு பேருடைய ஏற்ற இறக்கமும் இருந்திருக்கும்.

நான் யோகத்துக்குச் சொல்லவில்லை.

அறிக்கையை மீளப்பெறலாம். அப்படிச் செய்தால் காரணம் எழுதவேண்டும். காரணத்தில் பெயர் வரும். அதிபர் தானாகச் சொல்லமாட்டார். நீர் “ஓம்” என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் நான் அன்றைக்கே மீளப்பெறுகிறேன். என் பெயரும் சேர்ந்துதான் கெடும். அதற்கு நான் ஆயத்தம் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் உண்மையில் ஆயத்தமா என்று எனக்குத் தெரியாது. நீர் எழுதாவிட்டால் நானும் எழுதமாட்டேன்.

வாகீசன்

•

புளியங்கூடல்
04.12.2005

அன்பின் மச்சானுக்கு,

நான்கு மாதமாக எழுதவில்லை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. கிணற்றில் உவர்ப்புக் குறைந்திருக்கிறது. அம்மா இப்போது கோயில்வரை நடக்கிறா.

டெனிஸ்ரனுக்குக் கனடா சரிவந்து போய்விட்டார். அவருடைய இடத்துக்கு என்னைப் போட்டுக் கடிதம் வந்தது. உமது சிபாரிசு என்று பணிமனையில் சொன்னார்கள். நன்றி.

நீர் கேட்ட விஷயம் அப்படியே கிடக்கட்டும். அந்தப் பிள்ளையை வரும் வருடத் தொடக்கத்தில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

யோகத்துக்கும் பிள்ளைகளுக்கும் நத்தார் விடுமுறையில் வரச்சொல்லி எழுதுகிறேன். நாட்டு நிலைமையைப் பார்த்து வரவும்.

அரியநாயகம்

•

வவுனியா
21.06.2009

மதிப்புக்குரிய மாஸ்டருக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறன். நீங்களும் அப்படி இருக்க மன்றாடுறன். உங்கட தாயார் காலமானது கேள்விப்பட்டு மனவருத்தப்பட்டன். நான் மரியநாயகத்தின்ர பெண்சாதி ஜசிந்தா. இஞ்ச கோயில் மண்டபத்தில தங்கியிருந்து முகாம் முகாமாப் பிள்ளையைத் தேடுறன்.

திரும்பச் சண்டை துவங்கிப் பாதை பூட்டுறதுக்கு ரெண்டு மாதத்துக்கு முந்தி வாறன் எண்டவள். தங்கச்சியின்ர சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு நிண்டுபோனாள். பிறகு பாதை இல்லை. போன மார்கழி செஞ்சிலுவை மூலமா ஒரு துண்டு வந்தது. ‘நான் சுகம். இடம்பெயர்ந்து இருக்கிறம். இஞ்ச சின்னனுகளுக்கு மரத்துக்குக் கீழ கணக்குச் சொல்லிக் குடுக்கிறன்’ எண்டு எழுதியிருந்தாள். அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. தங்கச்சியும் ஒரு பிள்ளையும் முகாமில இருக்கினம். சித்திரையில ஆக்களோட ஆக்களா ஓடேக்க இவளின்ர கையை விட்டதாம், அவ்வளவுதான் தெரியும் எண்டு சொல்லுறாள்.

எல்லா இடத்திலயும் படம் கேக்கினம். எங்களிட்டை அவளின்ர படம் ஒண்டும் இல்லை மாஸ்டர். முதல்நன்மைப் படம் எடுத்தது, வீடு மாறேக்க துலைஞ்சுபோச்சு. கொழும்பில இருந்து வந்த பெரிய சேர் அவளைப் படம் பிடிச்சவர். அதில இருந்து முகம் தெரியிற மாதிரி ஒண்டு எடுத்துத் தரச் சொல்லுங்கோ. அப்ப பதின்மூண்டு வயது. இப்ப பதினெட்டு. எண்டாலும் தாய்க்குத் தெரியும்தானே எண்டு எழுதாதேங்கோ. பாக்கிறது நான் இல்லை, அவையள்.

அண்டைக்கு வீட்டுக்கு வந்தனீங்கள், நான் உங்களை ஏசினனான். பிள்ளையை நிக்கச் சொன்னது நீங்கள்தான் எண்டு சொன்னனான். இப்ப அதைப் பற்றி ஒண்டும் இல்லை. படம் மட்டும் போதும்.

இப்படிக்கு
ஜசிந்தா மரியநாயகம்

•

கொழும்பு
09.08.2009

மச்சான்,

உம்மிடமிருந்து மூன்றரை வருடத்துக்குப் பிறகு வந்த கடிதம் நான்கே வரி. மாமியின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனதை யோகம் இன்னும் சொல்லி அழுகிறாள்.

படம் எடுத்து வவுனியாக் கோயில் விலாசத்துக்கு அன்றே அனுப்பினேன். ஒரு பிரதி இதோடு இருக்கிறது. ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்தித் தேடினேன். பேசும்போதெல்லாம் தலையைத் திருப்புகிறாள். நேரே பார்க்கும் இடம் ஒன்றுதான். ‘ஏழு’ என்று சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

வேறிடத்தில் அறியமுன் நானே சொல்கிறேன். வடக்கு முழுவதுக்கும் கூட்டுத்திட்டம் திரும்ப வருகிறது. ஐந்து மாவட்டம். நிதி கொடுக்கும் நிறுவனம் பழைய அறிக்கையைத்தான் அத்திவாரமாக எடுத்திருக்கிறது. ஏழாம் இலக்கப் பாடசாலையை மாதிரி என்று எழுதியிருக்கிறார்கள். அதே சோதனை, அதே விதி: இரண்டையும் எழுதியவர்கள் மட்டும். மதிப்பீட்டுக் குழு கார்த்திகையில் கூடும். நான் அதில் தலைவர். தலைவரே தன் அறிக்கையைப் பொய் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நீர் பாரும்.

வாகீசன்

•

மதிப்பீட்டுக் குழுவினருக்கு,
11.10.2009

ஐயன்மீர்,

வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள். உங்கள் மேசைக்கு வரும் தாள்கள் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும்.

நீங்கள் மாதிரியாகக் கொண்டிருக்கும் ஏழாம் இலக்கப் பாடசாலையின் ஒன்பது புள்ளி உண்மையல்ல. 2004 ஒக்ரோபர் முதல் வாரத்தில் அந்த வகுப்பின் கணித ஆசிரியர் உங்கள் தாளைப் போலவே ஒரு தாள் தயாரித்து வகுப்பில் வைத்தார். முப்பத்தொரு பேரின் சராசரி ஏற்றம் ஐந்து புள்ளி. புள்ளி இறங்கியவர்கள் ஒன்பது பேர். அதிபர் அவரிடம், “மாஸ்டர், மற்றப் பள்ளிக்கூடங்களுக்குக் கீழ போகாமல் ஒரு வழி சொல்லும்” என்று கேட்டார். அவர் இடாப்பின் கடைசிப் பக்கத்தில் கணக்குச் செய்து காட்டினார். ஒன்பது பேரையும் கழித்தால் ஒன்பது புள்ளி. பெயர்களை எழுதிக் கொடுத்தவரும், பின்னேரம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னவரும் அவரே. ஒரு பிள்ளை, “ஏன் சேர்?” என்று கேட்டாள். “உங்களை இதில எண்ணேல்லை” என்றார். அவருக்கு ஆலோசகர் பதவி தேவைப்பட்டது. அது பிறகு கிடைத்தது.

அந்த ஒன்பது பேரில் சிலர் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால்தான் புள்ளி இறங்கியது. உங்கள் முறை பிழையில்லை. அது சரிவந்துகொண்டிருந்தது என்பதைத்தான் அந்த ஆசிரியரால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி கேட்ட பிள்ளை மேரிசுகந்தி மரியநாயகம். அவள் பாடசாலைக்குத் திரும்பவில்லை. முல்லைத்தீவுக்கு அனுப்பப்பட்டாள். இன்றுவரை அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தாய் நான்கு முகாம்களில் படத்தைக் காட்டினாள். இப்போது ஐந்தாவதில் நிற்கிறாள். அவளைச் சோதனைக்கு எடுத்திருந்தால் இப்படி நடந்திராது என்று என்னால் நிறுவ முடியாது. நடந்திருக்கும் என்றும் உங்களால் நிறுவ முடியாது.

ஐந்து மாவட்டத்துக்கும் இந்த விதியைக் கொண்டுபோகாதீர்கள். முதல்நாள் இடாப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

‘அந்த ஆசிரியர்’ என்று எழுதிக்கொண்டு வருகிறேன். மூன்று நாளாக அதை வெட்டி ‘நான்’ என்று எழுதப் பார்க்கிறேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. என் தங்கை, தன் அண்ணன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற ஆள் இல்லை என்று ஒருமுறை சொன்னவள். மொட்டைக் கடிதத்தை நீங்கள் குப்பைக்குள் போடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பணிமனையில் நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். தெரிந்தும் பேனாவைக் கீழே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் கை நின்றுவிடுகிறது.

பதினொரு மணிக்குத் தபால் பை யாழ்ப்பாணம் போகும். பெயர் எழுதாமலே போடுகிறேன்.